குழந்தை இன்குபேட்டரில், தாய் வராந்தாவில்: எங்கள் மகளிர் குழு எதை வாங்கித் தரலாம்?

குழுச் செயலாளர், பாபநாசம்:

வணக்கம். பாபநாசம் பக்கத்து மகளிர் சுயஉதவிக் குழுக்கள் சில சேர்ந்து ஒரு சின்ன நிதி வைத்திருக்கிறோம். எங்கள் ஊர்ப் பெண்களுக்குக் குறைமாதத்தில் குழந்தை பிறந்தாலோ, எடை மிகவும் குறைந்திருந்தாலோ பெரும்பாலும் தஞ்சாவூர் இராசா மிராசுதார் மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள். தாய் கும்பகோணத்தில் ஆபரேஷன் முடிந்து படுத்திருக்க, குழந்தை மட்டும் 108-இல் தஞ்சைக்குப் போவதும் உண்டு. அந்தக் குடும்பங்களுக்கு உதவத்தான் இந்த நிதி.

கூட்டத்தில் ஆளுக்கொன்று சொன்னார்கள்: பால்பவுடர் டின், பேபி சோப்பு செட், பழக்கூடை, கையில் 2,000 ரூபாய். இதில் எது உண்மையில் பயன்படும்? "தீட்டு கழியட்டும், அதுவரை நீ உள்ளே போகாதே" என்று வீட்டுப் பெரியவர்கள் தாயை நிறுத்திவைத்தால் எப்படிப் பேசுவது? குழந்தை வீட்டுக்கு வந்த பிறகு நாங்கள் கவனிக்க வேண்டியது என்ன? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

இரவுப்பணி செவிலியர்:

அக்கா, பால்பவுடர் டின்னைப் பட்டியலிலிருந்து இன்றே எடுத்துவிடுங்கள். குறைமாதக் குழந்தைக்குப் பவுடர் பால் போனால் குடல் வீங்கி அழுகும் நோய் வரும் வாய்ப்பு கூடுகிறது. அதோடு, பால்பவுடரையும் பால்புட்டியையும் அநாதை இல்லம் தவிர வேறு யாருக்கும் தானமாகக் கொடுக்கக் கூடாது என்று 1992-ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. நல்ல மனதோடு கொடுத்தாலும் அது சட்டப்படி தவறு.

உங்கள் நிதி எதற்கு என்று என்னைக் கேட்டால், தாய்க்கு. அவள் குழந்தைக்குப் பக்கத்திலேயே இருக்க, அவளுக்குப் பால் வற்றாமல் இருக்க எது உதவுமோ அதை வாங்குங்கள். குழந்தைக்கு வேண்டிய மருந்து, டியூப், ஆக்சிஜன் எல்லாம் வார்டில் இருக்கிறது. தாய்க்குத்தான் பல நேரம் உட்கார நாற்காலிகூட இருக்காது.

பால் விஷயத்தை விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இங்கேதான் அதிகம் தவறுகிறது. குழந்தை வாய்வைத்துக் குடிக்காதபோது, பிறந்து ஒரு மணி நேரத்திலிருந்து, தாமதமானாலும் 6 மணி நேரத்துக்குள், கையால் பால் பீய்ச்சத் தொடங்க வேண்டும். ஒரு நாளைக்கு 8 முதல் 12 முறை. அதில் ஒன்று கட்டாயம் நடு இரவுக்குப் பிறகு. "ராத்திரி தூங்கட்டும், பாவம்" என்று ஏழெட்டு மணி நேரம் விட்டால் மார்பு கட்டிக்கொள்ளும், சுரப்பும் குறையத் தொடங்கும். முதல் இரண்டு நாள் சில சொட்டுதான் வரும். அதைப் பார்த்துவிட்டு "இவளுக்குப் பாலே இல்லை" என்று யாராவது சொல்லிவிட்டால் அந்தத் தாய் அங்கேயே நம்பிக்கை இழந்துவிடுவாள். அந்தச் சொட்டுதான் சீம்பால். 1 மில்லி சிரிஞ்சில் உறிஞ்சிக் கொடுத்தால், 0.1 அல்லது 0.2 மில்லியைக் கன்னத்தின் உள்பக்கம் தடவிவிடுவோம். வயிற்றுக்கு எதுவும் கொடுக்க முடியாத குழந்தைக்குக்கூட இதைச் செய்யலாம்.

பீய்ச்சும் முறை: கையை நன்றாகக் கழுவ வேண்டும். மார்பை ஒரு நிமிடம் மெல்லத் தடவிவிட வேண்டும். காம்பிலிருந்து 2, 3 சென்டிமீட்டர் பின்னால் கட்டைவிரலை மேலேயும் ஆள்காட்டி விரலைக் கீழேயும் வைத்து, முதலில் நெஞ்சுப் பக்கமாக அழுத்தி, பிறகு இரண்டு விரலையும் சேர்த்து அமுக்கி விட வேண்டும். காம்பைப் பிடித்து இழுத்தால் பால் வராது, புண்தான் வரும். ஒரு பக்கம் 3 முதல் 5 நிமிடம், பிறகு மறு பக்கம், திரும்ப முதல் பக்கம். மொத்தம் 20, 30 நிமிடம் ஆகும். இரண்டு வாரம் முடியும்போது நாளொன்றுக்கு அரை லிட்டர் தொட்டுவிட்டால், பிறகு கவலையில்லை.

தண்ணீர் கொடுக்காமல் பத்தியம் காப்பது நம் பக்கத்தில் இன்னும் இருக்கிறது. "பச்சை உடம்பு, தண்ணி குடிச்சா வயிறு வைக்கும்" என்பார்கள். தாகத்துக்குத் தண்ணீர் வேண்டும், வயிறு நிறையச் சோறு வேண்டும். பூண்டுக் குழம்பு, முருங்கைக்கீரை, சுறாப்புட்டு எல்லாம் நல்ல சாப்பாடு, தாராளமாகக் கொண்டுவாருங்கள். ஆனால் சாப்பாடு மட்டும் பாலைக் கூட்டாது. அடிக்கடி பீய்ச்சினால்தான் கூடும்.

எனவே பை இப்படி இருக்கட்டும்: மூடியுள்ள சின்ன எவர்சில்வர் கிண்ணம் இரண்டு, பால் புகட்ட ஒரு பாலாடை (சங்கு), முன்பக்கம் திறக்கும் நைட்டி இரண்டு, துவைத்த பருத்தித் துண்டு நான்கு, ஒரு லிட்டர் பிளாஸ்க், சானிட்டரி நாப்கின், நகவெட்டி, பேனா, ஒட்டுக் காகிதம், செருப்பு. செருப்பு என்ன பெரிய விஷயம் என்று நினைக்காதீர்கள். 108-இல் அவசரமாக ஏறி வெறுங்காலோடு வந்தவர்கள் உண்டு. பழக்கூடை வேண்டாம், வைக்க இடமில்லை, ஈ மொய்க்கும்.

கொள்ளிடக்கரை:

பம்ப் வாங்கிக் கொடுத்தால் என்ன? கும்பகோணம் மெடிக்கல் கடைகளில் 200, 300 ரூபாய்க்குக் கிடைக்கிறதே. அப்புறம், கும்பகோணத்தில் படுத்திருக்கும் தாயின் பாலைத் தஞ்சைக்குக் கொண்டுபோவது எப்படி?

இரவுப்பணி செவிலியர்:

ரப்பர் குமிழ் வைத்த அந்தப் பம்ப் வேண்டாம். குமிழுக்குள் பால் ஏறித் தங்கும், உள்ளே கழுவவும் முடியாது, கொதிக்கவைக்கவும் முடியாது. கிருமி வளர்வதற்கே அது இடம். வார்டில் மின்சாரப் பம்ப் இருந்தால் ஆளுக்குத் தனி செட்டோடு கொடுப்பார்கள். இல்லையென்றால் கையே போதும்.

பால் கொண்டுபோவது: முதலில் குழந்தை இருக்கும் வார்டில், வெளியிலிருந்து வரும் பாலை வாங்கிக்கொள்வார்களா என்று கேளுங்கள். வாங்குவார்கள் என்றால், 20 நிமிடம் கொதிக்கவைத்துக் கவிழ்த்து உலரவிட்ட மூடிபோட்ட கிண்ணத்தில் பீய்ச்சுங்கள். தாயின் பெயர், தேதி, மணி எழுதி ஒட்டுங்கள். வெளியில் வைத்தால் 4 மணி நேரம் என்று புத்தகத்தில் இருக்கும், அது 25 டிகிரிக்குள் இருக்கும் அறைக்கு. நம் ஊர்ச் சித்திரை வெயிலுக்கு அது பொருந்தாது, பீய்ச்சிய உடனே குளிரில் வைத்துவிடுங்கள். அகல வாய்ப் பிளாஸ்க்கில் ஐஸ்கட்டியைப் பாலித்தீன் கவரில் கட்டிப் போட்டு, நடுவில் கிண்ணத்தை நிமிர்த்தி வையுங்கள். கும்பகோணத்திலிருந்து தஞ்சைக்கு 40 கிலோமீட்டர், பேருந்தில் ஒன்றரை மணி நேரம் என்றாலும் தாங்கும். ஃபிரிட்ஜில் வைத்தால் 24 மணி நேரத்துக்குள் கொடுத்துவிட வேண்டும், கதவுப் பக்கத் தட்டில் வைக்கக் கூடாது. ஏற்கெனவே குளிர்ந்த பாலில் புதிதாகப் பீய்ச்சிய சூடான பாலை ஊற்றாதீர்கள். அடுப்பில் சுட வைக்காதீர்கள், கிண்ணத்தை வெந்நீரில் வைத்தால் போதும்.

உங்கள் குழுவில் ஒருவர் இரண்டு மூன்று நாள் இந்த வேலையை ஏற்றுக்கொண்டால், அது 2,000 ரூபாயைவிடப் பெரிய உதவி. அதைவிட நல்லது, தாயைச் சீக்கிரமே குழந்தை இருக்கும் மருத்துவமனைக்கு மாற்றச் சொல்லிக் கேட்பது. தயங்காமல் கேளுங்கள்.

கங்காரு வார்டு:

தீட்டுக் கேள்விக்கு வருகிறேன். பெரியவர்களிடம் "அதெல்லாம் மூடநம்பிக்கை" என்று தொடங்கினால் அந்த இடத்திலேயே கதை முடிந்தது. "டாக்டர் மருந்து எழுதியிருக்கிறார், அந்த மருந்து இவள் உடம்புச் சூடுதான், இவள் போகாவிட்டால் மருந்து தவறிப்போகும்" என்று சொல்லுங்கள். இது சமாளிப்புப் பேச்சு இல்லை, அப்படியே உண்மை. தாயின் நெஞ்சோடு தோல் படக் குழந்தையை அணைத்துவைக்கும் கங்காரு முறை 1978-இல் கொலம்பியாவின் பொகோட்டாவில், இன்குபேட்டர் பற்றாத மருத்துவமனையில் தொடங்கியது. இப்போது உலக சுகாதார நிறுவனம் 2022 பரிந்துரையில், குறைமாத, எடை குறைந்த குழந்தைகள் அனைவருக்கும் பிறந்தவுடனேயே இதைத் தொடங்கச் சொல்கிறது. நாளொன்றுக்கு 8 முதல் 24 மணி நேரம். தானாக மூச்சுவிட முடியாத, ரத்த அழுத்தம் நிலைக்காத குழந்தைகளுக்கு மட்டும் டாக்டர் சொல்லும்வரை காத்திருக்க வேண்டும். இந்தியாவிலும் குடும்பத்தார் உள்ளே வந்து பராமரிப்பில் பங்கேற்க வேண்டும் என்று மத்திய சுகாதார அமைச்சகம் 2017-இல் வழிகாட்டுதல் கொடுத்திருக்கிறது. ஆகவே "உள்ளே விடுங்கள்" என்று கேட்பது சலுகை கேட்பது ஆகாது.

வைக்கும் விதம்: குழந்தைக்குத் தொப்பி, சாக்ஸ், இடுப்புத் துணி மட்டும். இரு மார்புக்கும் நடுவில் நிமிர்ந்த நிலையில், கைகால் மடங்கித் தவளைபோல் இருக்க, தலை ஒரு பக்கம் திரும்பி, கழுத்து லேசாக நிமிர்ந்திருக்க வேண்டும். முகவாய் நெஞ்சில் ஒட்டினால் மூச்சுக்குழாய் மடங்கும். தலை பின்னால் தொங்கினாலும் அதே ஆபத்து. கட்டும் துணியின் மேல்விளிம்பு காதுக்குச் சற்றுக் கீழே வரவேண்டும், பிட்டத்துக்கு அடியிலும் தாங்கல் வேண்டும். தனிப் பை தேடி அலைய வேண்டாம். பலமுறை துவைத்து மெலிந்த பருத்தி வேட்டியில் இரண்டு, இரண்டரை மீட்டர் கிழித்தால் போதும். புது வேட்டியின் கஞ்சி உறுத்தும். ஒரு தடவை உட்கார்ந்தால் குறைந்தது ஒரு மணி நேரம். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எடுத்து வைத்தால் அந்த அசைவே குழந்தையைக் களைப்பாக்கும். அப்பாவும் செய்யலாம், அம்மாச்சியும் அப்பாயியும் செய்யலாம். "தீட்டு" என்று சொன்ன அதே பாட்டியை உட்காரவைத்து அணைக்கச் சொன்னால், பல நேரம் அடுத்த நாளிலிருந்து அவர்தான் முதல் ஆளாக வந்து நிற்பார்.

உள்ளே போகும்முன் மோதிரம், வளையல், வாட்ச் கழற்றி, முழங்கை வரை சோப்புப் போட்டு 40 முதல் 60 விநாடி கழுவ வேண்டும். போன் எடுத்தால் திரும்பக் கழுவ வேண்டும். சளி, இருமல், வயிற்றுப்போக்கு இருப்பவர்கள் போகவே கூடாது. தலையில் பூ, உடம்பில் சென்ட், சாம்பிராணி மணத்தோடு சேலை வேண்டாம். தாயத்து, கருப்புக் கயிற்றைக் குழந்தையின் கையில் கட்டாதீர்கள், ஊசி போட்ட இடத்தில் இறுகும். இன்குபேட்டருக்கு வெளியே தலைமாட்டில் வைக்கலாமா என்று கேளுங்கள்.

எதை வாங்கலாம் என்று கேட்டீர்களே, இன்னொன்றும் சொல்கிறேன்: நாற்காலி. சாய்மானமுள்ள, கைவைத்த பிளாஸ்டிக் நாற்காலி நாலு வாங்கி வார்டுக்கு எழுதிக் கொடுங்கள். ஆபரேஷன் தையலோடு ஸ்டூலில் யாரும் இரண்டு மணி நேரம் உட்கார மாட்டார்கள்.

காப்பீட்டு மேசை:

பணம் பற்றி. அரசு மருத்துவமனையில், ஜனனி சிசு சுரக்ஷா திட்டத்தின்படி, நோயுற்ற குழந்தைக்கு ஒரு வயது வரை சிகிச்சை, மருந்து, பரிசோதனை, ரத்தம், வண்டி எல்லாம் இலவசம். வீடு திரும்ப 102 வண்டியும் உண்டு. அதனால் "ஆஸ்பத்திரிச் செலவுக்கு" என்று மொத்தமாகக் கொடுக்கத் தேவையில்லை. காசு கரைவது துணைக்கு வந்தவரின் சாப்பாட்டிலும், பேருந்திலும், முக்கியமாகக் கூலியிலும். குறுவை நடவோ சம்பா அறுவடையோ நடக்கும்போது இரண்டு பேர் வாரக்கணக்கில் வராந்தாவில் உட்கார்ந்தால் அந்தப் பருவத்து வருமானமே போய்விடும். ஆகவே வாரம் ஒருமுறை, தாயின் கணக்கில் போடுங்கள். பக்கத்து மெஸ்ஸில் டோக்கன் பேசிவைத்தால் இன்னும் நல்லது. வீட்டில் இருக்கும் மூத்த பிள்ளையையும் ஆட்டையும் மாட்டையும் யார் பார்க்கிறார்கள் என்று கேளுங்கள், அந்தப் பொறுப்பைப் பக்கத்து வீட்டுக்காரர் எடுத்தாலே பாதிச் சுமை இறங்கும்.

தனியாருக்குப் போனால், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு. அந்த மருத்துவமனை பச்சிளம் குழந்தை சிகிச்சைக்குத் திட்டத்தில் இருக்கிறதா என்று சேர்க்கும்போதே கேளுங்கள். காசில்லாச் சிகிச்சை என்பதால் முன் அனுமதி வாங்கியிருக்க வேண்டும். டிஸ்சார்ஜ் ஆன பிறகு பில்லைக் கொண்டுபோனால் வராது.

இங்கே தடுக்கும் இடம் ஒன்று: தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்த பெண்ணின் பெயர் அப்பா வீட்டு ரேஷன் கார்டிலேயே இருக்கும், கணவர் கார்டில் ஏறியிருக்காது. ஆதாரில் ஒரு முன்னெழுத்து, கார்டில் வேறு முன்னெழுத்து. காப்பீட்டு அட்டையே இல்லையென்றால் ரேஷன் கார்டும், ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் என்ற வருமானச் சான்றும் எடுத்துக்கொண்டு கலெக்டர் ஆபீஸிலுள்ள காப்பீட்டு மையத்துக்குப் போக வேண்டும். இதையெல்லாம் ஏழாம் மாத வளைகாப்பின்போதே உங்கள் குழு சரிபார்த்துவிடலாம். பிரசவ வார்டு வாசலில் நின்றுகொண்டு வி.ஏ.ஓ.வைத் தேடக் கூடாது.

ஒரு பிளாஸ்டிக் கவரில் இவை இருக்கட்டும்: தாய் அட்டை, அதிலுள்ள 12 இலக்கப் பிக்மி எண் (கர்ப்பத்தைப் பதிந்தபோது கொடுத்த எண்), தாய் தந்தை ஆதார், ரேஷன் கார்டு, காப்பீட்டு அட்டை, தாயின் பாஸ்புக், பிறந்த மருத்துவமனை கொடுத்த ரெஃபரல் சீட்டு. ஒவ்வொன்றுக்கும் ஐந்து நகல். பிறப்புப் பதிவு குழந்தை பிறந்த இடத்தில்தான், சிகிச்சை நடக்கும் இடத்தில் அல்ல. 21 நாளுக்குள் பதிந்தால் கட்டணமில்லை. பெயர் வைக்கவில்லையே என்று காத்திருக்க வேண்டாம், பெயரைப் பிறகு சேர்க்கலாம்.

குழுச் செயலாளர், பாபநாசம்:

மிக்க நன்றி. கேட்கவே கஷ்டமான ஒன்று. குழந்தை தங்கவில்லை என்றால் நாங்கள் என்ன செய்வது? போய்ப் பார்க்கும்போது பொதுவாக என்ன பேசலாம், எதைப் பேசக் கூடாது?

இரவுப்பணி செவிலியர்:

"எத்தனை கிலோ, பிழைக்குமா, யார் சாயல்" வேண்டாம். "ஏழாம் மாசம் தங்கும், எட்டாம் மாசம் தங்காது" என்ற பேச்சு வேண்டவே வேண்டாம், அது பொய். வயிற்றில் ஒவ்வொரு வாரம் கூடுதலாக இருப்பதும் குழந்தைக்கு நல்லதே. "பையில் தண்ணீர் இருக்கிறதா, கடைசியாக எப்போது சாப்பிட்டாய், பால் எடுத்தாயா, நான் இங்கே உட்காருகிறேன், நீ கொஞ்சம் படு" இவை போதும். டாக்டர் சொன்னதைத் தாய் ஒரு நோட்டில் எழுதட்டும்: இன்றைய எடை, எத்தனை மில்லி பால், ஆக்சிஜன் உண்டா, நாளை என்ன பரிசோதனை. முதல் வாரம், பத்து நாளில் எடை இறங்கித்தான் ஏறும். அது தெரியாமல் தினமும் அழுகிறார்கள். குழந்தையைப் போட்டோ எடுத்து வாட்ஸ்ஆப் ஸ்டேட்டஸில் போடவிடாதீர்கள்.

குழந்தை இறந்துவிட்டால், தாயைப் பார்க்கவிடாமல் தூக்கிக்கொண்டு ஓடுவதுதான் நம் வழக்கம். அவள் பார்க்க வேண்டும், மடியில் வைக்க வேண்டும் என்று கேட்டால் நேரம் கொடுங்கள். செவிலியரிடம் சொன்னால் திரை போட்டுத் தருவார்கள். ஊருக்குக் கொண்டுபோக அரசின் இலவச அமரர் ஊர்தி உண்டு, எண் 155377. ஆட்டோவுக்கு அலைய வேண்டாம். மூன்றாம் நாள் அவளுக்குப் பால் கட்டும். இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை, தனியாக அழுதுகொண்டு கிடப்பாள். இறுக்கிக் கட்டக் கூடாது. குளிர்ந்த ஈரத்துணி வைத்து, வலி தாங்காதபோது மட்டும் கொஞ்சம் பீய்ச்சிவிட்டால் சில நாளில் அடங்கும். பால் வற்ற மார்பில் மல்லிகைப்பூ வைக்கும் வழக்கத்தால் தீங்கில்லை. காய்ச்சலோ சிவந்த கட்டியோ வந்தால் டாக்டரிடம் காட்டுங்கள். இரட்டைக் குழந்தையில் ஒன்று போய் ஒன்று இருந்தால், பாலை நிறுத்திவிடாமல் யாராவது உடனிருந்து பார்த்துக்கொள்ளுங்கள்.

கிராம சுகாதார செவிலியர், திருத்துறைப்பூண்டி வட்டம்:

வீட்டுக்கு வந்த பிறகு உள்ளதை நான் சொல்கிறேன். கண் பரிசோதனை முதலில். 34 வாரத்துக்கு முன் பிறந்த, அல்லது 2 கிலோவுக்குக் குறைந்த குழந்தைக்கு விழித்திரையைப் பிறந்த 30 நாளுக்குள் பார்த்தே ஆகவேண்டும். 28 வாரத்துக்கு முன், அல்லது 1,200 கிராமுக்குக் கீழ் என்றால் மூன்று வாரத்துக்குள். வெளியே பார்க்கக் கண் நன்றாகத்தான் இருக்கும். உள்ளே ரத்தக் குழாய் தாறுமாறாக வளர்ந்து விழித்திரை பிரிந்துவிட்டால் பார்வை திரும்பாது. ஒரு தடவை பார்த்து "சரி" என்றாலும் மறுதேதி கொடுப்பார்கள், முழுதாக வளர்ந்தது என்று எழுதித் தரும்வரை விடக் கூடாது. காது பரிசோதனையும் டிஸ்சார்ஜுக்கு முன் ஆனதா என்று சீட்டைப் பாருங்கள்.

தூளி வேண்டாம். குறைமாதக் குழந்தைக்குத் தூளியில் கழுத்து மடங்கி மூச்சு அடைக்கும். சமதளத்தில் மல்லாக்கப் படுக்கவையுங்கள். எடை 2 கிலோ தாண்டும்வரை குளிப்பாட்டாமல் துடைத்துவிட்டால் போதும். காதில் மூக்கில் எண்ணெய் ஊற்றுவது, வாயில் ஊதுவது, சேனை, உரைமருந்து, வசம்பு, சாம்பிராணிப் புகை எதுவும் கூடாது. தொக்கம் எடுக்கக் கொண்டுபோகாதீர்கள். உள்ளங்காலைத் தொட்டுப் பாருங்கள்: வயிறு சூடாக, கால் சில்லென்று இருந்தால் குளிர்கிறது, உடனே நெஞ்சோடு அணையுங்கள். மார்கழிப் பனியில் இது அடிக்கடி நடக்கும். கங்காரு முறையை வீட்டிலும், குழந்தை தானாக நெளிந்து வெளியே வரப் பார்க்கும்வரை தொடரலாம். தடுப்பூசி பிறந்த தேதிக் கணக்கில்தான். தவழ்வது, உட்கார்வதை மட்டும் டாக்டர் முன்பு குறித்துக் கொடுத்த பிரசவத் தேதியிலிருந்து எண்ணுங்கள். இரண்டு மாதம் முன்னால் பிறந்தது என்றால் இரண்டு மாதம் கழித்துப் பாருங்கள். பின்னடைவு தெரிந்தால் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் உள்ள ஆரம்பநிலை இடையீட்டு மையத்தில் காட்டலாம்.

பால் குடிக்க மறுப்பது, நிமிடத்துக்கு 60 தடவைக்கு மேல் மூச்சு, நெஞ்சு உள்வாங்குவது, வலிப்பு, உடம்பு தொட்டால் கொதிப்பது அல்லது சில்லிட்டுப் போவது, உள்ளங்கை உள்ளங்கால் வரை மஞ்சள், எழுப்பினாலும் எழாத தூக்கம்: இதில் ஒன்று இருந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். வண்டி வரும்வரையிலும், போகும் வழியிலும் குழந்தை தாயின் நெஞ்சோடு இருக்கட்டும்.

செயலாளர் அம்மா, உங்கள் குழு நோட்டில் ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு பக்கம் போட்டு, மேலே கண் பரிசோதனைத் தேதியைச் சிவப்பு மையில் எழுதுங்கள். பெரும்பாலும் அந்தத் தேதி குழந்தை வீட்டுக்கு வந்த சில நாளிலேயே வரும். "இப்பத்தானே கொண்டுவந்தோம், இன்னொரு தடவை தஞ்சாவூருக்கா" என்று விட்டுவிடுவார்கள். அன்றைக்குக் கூடப் போக ஓர் ஆளையும், போய்வர வண்டிச் செலவையும் முன்கூட்டியே ஒதுக்கிவையுங்கள்.